எறும்பு வீட்டில் ஒரு கட்டைவிரல்

அந்தத் தெருவில் அவளைக் கிளே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். அவரும் இரண்டு மூன்று தடவை அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்து, ஒருவரும் வழிகாட்டாமல் போகவே, "கிளே அக்கா வீடு எது?" என்று கேட்கப் பழகிக்கொண்டார். மாடியில் இரண்டு அறை. முன்னறையில் ஒரு சாப்பாட்டு மேஜை. அதில் யாரும் சாப்பிட்டுப் பல வருஷமாகிறது. ஈரத்துணி போர்த்திய எரிமலை, முதுகு காயாத ஆமை, பாதி இதயம், பாதி பூமி என்று ஏதாவது ஒன்று அதில் எப்போதும் உட்கார்ந்திருக்கும். அம்மாவும் மகளும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கணவன் லாரி ஓட்டுகிறவன். பத்து நாளைக்கு ஒருமுறை வந்து, மேஜையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அவனும் தரையில் உட்காருவான்.

அவள் தொழில் இதுதான்: ஊரார் பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலையை அவள் செய்து கொடுப்பாள். இப்படி உடைத்துச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. வருகிற அம்மாக்கள், "கொஞ்சம் ஹெல்ப் பண்ணணும்க்கா" என்று ஆரம்பிப்பார்கள். அந்தக் கொஞ்சத்துக்குள் யோசிப்பது, பிசைவது, செய்வது, காயவைப்பது, தேய்ப்பது, வர்ணம் அடிப்பது எல்லாம் அடக்கம். பிள்ளைக்கு மிச்சமிருக்கும் வேலை, கீழே போடாமல் பள்ளிக்குத் தூக்கிப் போவது ஒன்றுதான். அதையும் பெரும்பாலும் அப்பாதான் செய்வார்.

மண் என்றாலும் தோட்டத்து மண் இல்லை. பாக்கெட்டில் வெள்ளைவெளேரென்று வருகிற, காற்றிலேயே உலர்ந்து இறுகுகிற கிளே. சூளையும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம், செய்து வைத்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தால் போதும் என்று பாக்கெட்டின் மேல் போட்டிருக்கும். போடுகிறவர்களுக்கு என்ன, போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தச் சும்மா இருப்பதுதான் யாராலும் முடிவதில்லை. அவசரத்துக்கு மின்விசிறிக்கு அடியில் வைப்பார்கள், வெயிலில் வைப்பார்கள். மேல்தோல் முதலில் காய்ந்து இழுக்கும், உள்ளே இருக்கிற ஈரம் விட்டுக்கொடுக்காது, நடுவில் படாரென்று ஒரு விரிசல் ஓடும். கிளே அக்கா வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த விரிசலோடு வருகிறவர்கள்தான்.

இந்தக் கைப்பக்குவம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்றால், பொய்ப் பற்களிடமிருந்து. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினோரு வருஷம் அவள் ஒரு பல் செட் செய்கிற இடத்தில் வேலை பார்த்தாள். மெழுகில் ஈறு செதுக்கி, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு வைக்கிற வேலை. எல்லாப் பல்லையும் நூல் பிடித்த மாதிரி வரிசையாக வைத்தால் எவனும் நம்ப மாட்டான், பார்த்த மாத்திரத்தில் பொய்ப்பல் என்று தெரிந்துவிடும். ஒன்றிரண்டை லேசாகத் திருப்பி வைக்க வேண்டும், ஒன்றைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். அந்தப் பிசகில்தான் நிஜம் இருக்கிறது என்று அவள் கைக்குத் தெரியும். அங்கேதான் ஒருநாள் மெழுகு வெட்டுகிற சூடான கத்தி வலது கட்டைவிரலில் குறுக்கே பாய்ந்து, ரேகைகளை இரண்டாகப் பிரித்து ஒரு கோடு போட்டுவிட்டது. முதலாளி கடையை மூடிவிட்டு மகனோடு இருக்கப் போனபோது, அவளுக்கு அங்கிருந்து கிடைத்த சொத்து என்று பார்த்தால் அந்தத் தழும்புதான்.

பிறகு கீழ்வீட்டுப் பையனுக்கு ஒரு எரிமலை செய்து கொடுத்தாள். அது பரிசு வாங்கியது. அப்புறம் கேட்க வேண்டுமா, செய்தி பரவிவிட்டது.

அம்மாக்கள் கேட்பது எல்லாம் ஒன்றேதான். "ரொம்ப அழகா வேணாம்க்கா, பெரியவங்க செஞ்ச மாதிரி தெரிஞ்சிடும். ஆனா பிரைஸ் வரணும்." கேட்கிறவர்களுக்கு வெட்கமில்லை, சொல்ல நமக்குத்தான் வெட்கமாக இருக்கிறது. ஆனால் கிளே அக்காவுக்கு அதில் ஒரு தொழில் கர்வமே உண்டு. மூன்றாம் வகுப்பு என்றால் ஒரு பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், வர்ணம் எல்லை தாண்டியிருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு என்றால் சாய்வு கூடாது, பெயர்ப் பலகை மட்டும் கோணலாக இருக்கலாம். எல்லாம் முடிந்தபின் கடைசியாக, பின்பக்கம் ஓரத்தில், மண் முழுக்க இறுகுவதற்குள் கட்டைவிரலால் ஒரு அழுத்து. அவசரக்காரக் குழந்தையின் விரல் பட்ட மாதிரி. அதுதான் அவள் முத்திரை. அது இல்லாமல் ஒரு பொருளும் அந்த வீட்டைவிட்டு வெளியே போனதில்லை.

இந்த வருஷம் பள்ளி திறந்த கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம், ஹெல்மெட் போட்ட ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை, தலையில் இருந்ததைக் கழற்றவுமில்லை. தன் பையன் மூன்றாம் வகுப்பு என்றும், பள்ளி வேறு, பக்கத்தில் இருக்கிற பள்ளி இல்லவே இல்லை என்றும் இரண்டு தடவை சொன்னார். கண்ணாடிக்குள்ளிருந்து குரல் குடத்துக்குள் பேசுகிற மாதிரி வந்தது. ஆனால் கிளே அக்காவுக்கு அந்தக் குரல் தெரியாதா என்ன? போன வாரம்தான் பெற்றோர் கூட்டத்தில், "பிள்ளைங்க வேலையைப் பிள்ளைங்களே செய்யணும், அதுல நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்று அரை மணி நேரம் பேசிய குரல். தன் மகளின் வகுப்பு ஆசிரியை.

தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எதற்கு வம்பு? பென்குயின் குடும்பம் ஒன்று கேட்டார், செய்து கொடுத்தாள். வாங்கிப் போக வந்தபோதும் அதே ஹெல்மெட். சந்தேகத்தோடு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பையன் செஞ்சதுன்னு நம்புவாங்களா?"

"இங்க பாருங்க" என்று பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள் கிளே அக்கா. "இந்த விரல் தடம் தெரியுதில்ல? ஜட்ஜுங்க இதைப் பார்த்தாப் போதும், பிள்ளை கைதான்னு நம்பிடுவாங்க. இது நான் எல்லாத்துக்கும் வெக்கறது."

ஹெல்மெட் குனிந்து அந்தத் தடத்தை நன்றாகப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கைவேலைக்காரர்களுக்குத் தங்கள் வித்தையை ஒருவரிடமாவது சொல்லிவிடாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

இனி மகளைப் பற்றி. பத்து வயசு, ஐந்தாம் வகுப்பு. ஒல்லி, பேச்சு கம்மி, பிடிவாதம் ஜாஸ்தி. நாலாம் வகுப்பு வரை அவளும் அம்மா செய்ததைத்தான் எடுத்துப் போனாள். அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் பரிசு வராது. "உனக்கென்னப்பா, உங்கம்மா செஞ்சு குடுத்துடுவாங்க" என்று, அதே அம்மா செய்து கொடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற பிள்ளைகள் சொல்லும். மகள் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி அழவெல்லாம் மாட்டாள். சாப்பாட்டை அளைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இந்த வருஷக் கண்காட்சிக்கு விலங்குகளின் வீடு என்று தலைப்புக் கொடுத்தார்கள். நோட்டீஸ் வந்த அன்றே அவள் அம்மாவின் முன் வந்து நின்றாள்.

"நானே செய்யப்போறேன். நீ தொடக் கூடாது."

"சரி."

"சொல்லிக்கூடக் குடுக்கக் கூடாது."

"சரிடி, குடுக்கல."

"சத்தியமா?"

"சத்தியமா. விரல்கூட வெக்க மாட்டேன். போதுமா?"

சொன்ன சொல் அதுதான். அப்படியே சொன்னாள்.

அடுத்த இரண்டு வாரம் வீட்டில் வீடுகளாகவே இருந்தது. மேஜைமேல் தேன்கூடு, கரையான் புற்று, கரடிக் குகை, மூன்று விதமான பறவைக் கூடு என்று ஒன்பது. ஒன்பதும் மகளுடைய பள்ளிக்கே போகிறவை, அதில் நான்கு அவள் வகுப்புக்கே. அந்த ஒன்பது வீடுகள்தான் இந்த ஒரு வீட்டுக்குச் சோறு போட்டன. மகளோ மேஜைப் பக்கமே வரவில்லை. குளியலறை ஜன்னலுக்கு வெளியே, மொட்டைமாடிச் சுவரோரம் எறும்புகள் போய்வருகிற ஓட்டை ஒன்று இருந்தது. அங்கே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, மணிக்கணக்காகப் பார்த்தாள். பிறகு தன் கட்டிலுக்கடியில் பழைய டிரே ஒன்றை வைத்து வேலையை ஆரம்பித்தாள். பூமியை நெட்டுக்குத்தாக வெட்டிய மாதிரி ஒரு சுவர், அதற்குள் வளைந்து வளைந்து போகிற வழிகள், வழிக்கு வழி அறைகள். எறும்புகள் அறுபத்திரண்டு. ஒவ்வொன்றும் மூன்று உருண்டை. காலுக்கு நூலைப் பசையில் நனைத்து ஒட்டினாள்.

தாய்க்காரிக்குக் கை பரபரவென்றது. சுவர் ரொம்பத் தடிமன், உள்ளே செய்தித்தாளைக் கசக்கி வைத்துச் செய்திருந்தால் கனமும் இருக்காது, வெடிக்கவும் செய்யாது. சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தன் ஒன்பது வீடுகளைப் பார்த்தாள். ஆனால் வாசல்பக்கம் போகிற சாக்கில் கட்டிலுக்கடியில் எட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஒரு எறும்பு இன்னொன்றைத் தூக்கிப் போவதைப் பார்த்து, அங்கேயே குனிந்தபடி நின்றுவிட்டாள். இந்த மாதிரி ஒன்றைத் தன்னால் செய்ய முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. செய்யச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

கண்காட்சி அன்று காலை, மகள் குளிக்கப் போயிருந்தாள். டிரே முன்னறை ஜன்னலோரம் இருந்தது. கிளே அக்கா பக்கத்தில் போய்ப் பார்த்தாள். சுவரின் பின்பக்கம், மேலிருந்து பாதி வரை ஒரு விரிசல். மகள் அதைப் பார்த்திருக்கிறாள், ஒன்றும் செய்யாமல் விட்டிருக்கிறாள். பூமி என்றால் விரிசல் இருக்கத்தானே செய்யும் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கும். நியாயம்தான். ஆனால் இவளுக்கு மனசு கேட்கவில்லை. வழியில் ஆட்டம் பட்டால் இரண்டாகப் பிளந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, கிளே அக்கா வீட்டிலிருந்து விரிசல் விட்ட ஒரு பொருள் போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பது. இதை அவள் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை, பின்னால் ஒப்புக்கொண்டாள்.

துளி மண்ணைத் தண்ணீரில் குழைத்தாள். விரிசலின் இரண்டு உதட்டையும் ஊசியால் கீறி, குழைத்ததை உள்ளே தள்ளி, வழித்து, மகள் கலக்கி வைத்திருந்த பழுப்பு வர்ணத்தில் ஒரு தீற்றல். இருந்த இடம் தெரியாமல் விரிசல் மறைந்தது. குளியலறையில் தண்ணீர் நின்ற சத்தம் கேட்டது. கையை எடுக்கப்போனவள், வேலை முடிந்தது என்றால் கை என்ன செய்யுமோ அதைச் செய்தாள். ஓரத்தில், ஈரத்தின்மேல், கட்டைவிரலால் ஒரு அழுத்து. அவளுக்கு அது தெரியவே இல்லை. கொட்டாவி விடும்போது வாய்முன் கை போகிறதே, அது போல.

பள்ளி மண்டபத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு வெள்ளைத்தாள் விரித்திருந்தார்கள். கிளே அக்காவின் ஒன்பது வீடுகளும் அங்கங்கே உட்கார்ந்திருந்தன. அவற்றின் அம்மாக்களும் இருந்தார்கள். வீட்டுக்கு வரும்போது அக்கா அக்கா என்று உருகுகிறவர்கள், இங்கே அவளை முன்பின் பார்த்ததே இல்லாத மாதிரி நடந்துகொண்டார்கள். அது அவளுக்குப் பழக்கம்தான்.

கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் நடுவராக வந்திருந்தார். கூடவே ஆசிரியை. நடுவர் ஒவ்வொரு பெஞ்சாகத் தாண்டி வந்து எறும்பு வீட்டின் முன் நின்றார். நின்றவர் நகரவில்லை.

"இது என்ன ரூம்மா?"

"செத்துப்போன எறும்பைக் கொண்டுவந்து போடற இடம் சார். குப்பையும் இங்கதான் போடும்."

"எதுல படிச்ச?"

"படிக்கல சார். எங்க வீட்டு ஜன்னல்கிட்ட பார்த்தேன். ஆனா அது வெளியில குவிச்சு வெச்சிருந்துச்சு. உள்ளேயும் இருக்கும்னு நானா வெச்சுக்கிட்டேன்."

நடுவர் சிரித்தார். உள்ளேயும் சில வகை எறும்புகள் அப்படி வைக்கும் என்றார். மகளின் முகம் மலர்ந்ததைக் கிளே அக்கா தூரத்திலிருந்து பார்த்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. நடுவர் பேனாவைத் திறந்து காகிதத்தில் வைத்தார். ஆசிரியை அந்த நேரம் பார்த்து டிரேயைச் சற்றுத் திருப்பினார், பின்பக்கத்தையும் காட்டலாம் என்றுதானோ என்னவோ. திருப்பிய கை நின்றது. குனிந்து பார்த்தார்.

"சார், ஒரு நிமிஷம். இது பிள்ளை செஞ்சது இல்ல."

"ஏன் டீச்சர்?"

"பெரியவங்க விரல் தடம் இருக்கு பாருங்க, தழும்போட. இந்தப் பொண்ணோட அம்மா இதையே தொழிலா செய்யறவங்க."

மகள் திரும்பி அம்மாவைத் தேடினாள். கண்டுபிடித்தாள். அவள் கண்ணில் பயம் இல்லை, அதுதான் கொடுமை. சாட்சி இருக்கிற தைரியத்தில் நின்றாள்.

"எங்கம்மா தொடவே இல்ல மிஸ். சத்தியம் பண்ணியிருக்காங்க. வேணும்னா கேட்டுப் பாருங்க. அம்மா, சொல்லும்மா!"

எல்லாத் தலைகளும் திரும்பின. ஒன்பது அம்மாக்களும் கூரையையும் தரையையும் செல்போனையும் பார்த்தார்கள். கிளே அக்கா தன் ஒன்பது வீடுகளையும் ஒருமுறை பார்த்தாள். அந்தத் தேன்கூட்டைத் திருப்பிப் பாருங்கள், அந்தக் கரடிக் குகையைத் திருப்பிப் பாருங்கள், ஒன்பதிலும் இதே தழும்பு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். டீச்சர், இந்தத் தடம் என்னுடையது என்று உங்களுக்கு எப்படித் தெரியும், பென்குயின் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் நாளையிலிருந்து மாடிப்படி ஏறி ஒருவரும் வரமாட்டார்கள். தொடவே இல்லை என்று பொய் சொல்லலாம், பிள்ளை அதை நம்பும், ஆனால் தடம் அங்கே இருக்கிறது.

"விரிசல் மட்டும்தான் சார்" என்றாள். குரல் எழும்பவில்லை. "பின்னாடி விரிசல் விட்டிருந்துச்சு. அதை மட்டும் கொஞ்சம் அடைச்சேன். மத்தது எல்லாம் அவளேதான்."

நடுவர் தலையாட்டினார். மட்டும்தான், கொஞ்சம்தான் என்கிற சொற்களை அன்று காலையிலிருந்து அவர் எத்தனை அம்மாக்களிடம் கேட்டிருப்பாரோ. பேனாவை மூடினார். "பரவால்லம்மா, நல்லா இருக்கு" என்று மகளின் தலையைத் தொட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். முதல் பரிசு தேன்கூட்டுக்குக் கிடைத்தது. அதன் பின்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. ஆசிரியையும் பார்க்கவில்லை, அவருக்குப் பார்க்கத் தேவையுமில்லை.

திரும்பி நடக்கும்போது டிரேயை மகளே தூக்கிக்கொண்டாள். அம்மா வாங்கப் போனால் தோளைத் திருப்பிக்கொண்டாள்.

"வழியில உடைஞ்சிடுமோன்னுதான்டி..."

மகள் நடையை எட்டிப் போட்டாள்.

"தெரியாம வந்துடுச்சு. சத்தியமா அந்த விரலை நான் வெக்கணும்னு வெக்கல."

"சத்தியமா" என்று மகள் ஒருமுறை அந்தச் சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து டிரேயைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். ஜன்னலோரம் போய் உட்காருவதையும் அத்தோடு விட்டுவிட்டாள். கத்தியிருந்தால், அழுதிருந்தால், எறும்புகளைப் போட்டு உடைத்திருந்தால் கிளே அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிள்ளை மரியாதையாக இருந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த நோட்டீஸ் வந்தது. நீர் சுழற்சி. மகள் அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். அம்மா உட்கார்ந்திருக்கிற பக்கம் வரவில்லை. எதிர்ப்பக்கம், அம்மாக்கள் வந்து நிற்கிற இடத்தில் நின்றாள்.

"அஞ்சாங்கிளாஸ் அளவுக்குப் பண்ணிக் குடு. ரொம்ப அழகா வேணாம். ஆனா பிரைஸ் வரணும்."

"நீயே செய்யேன் குட்டி. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். ஆத்தா வீட்டுக்கு வேணா போயிடறேன்."

"வேணாம். நீயே பண்ணிடு. விரலை மட்டும் வெச்சுடாத, அதை நான் வெச்சுக்கறேன்."

வேண்டாம் என்று மறுத்திருக்கலாம். மறுத்தால் அந்த ஒரு பேச்சும் நின்றுபோகும் என்று பயந்தாள். செய்தாள். மலை, மேகம், ஆறு, கடல் எல்லாம் செய்தாள், பெயர்ப் பலகையைக் கோணலாக வைத்தாள். முடிந்ததும் மகளைக் கூப்பிட்டாள். மகள் வந்து, ஓரத்தில் தன் சின்னக் கட்டைவிரலை அழுத்தினாள். ரேகை ரேகையாக, தழும்பில்லாமல், அழகாக விழுந்தது.

போட்டி நடந்த சாயங்காலம் கிளே அக்கா யாருக்கோ ஒரு ஒட்டகம் செய்துகொண்டிருந்தாள். மகள் படியேறி வந்தாள். கையில் ஒரு கோப்பை, முதல் பரிசு என்று எழுதியிருந்தது. மிஸ் எல்லாருக்கும் எடுத்துக் காட்டினார்களாம், பாருங்க பிள்ளையோட விரல் எவ்வளவு தெளிவாத் தெரியுது, இப்படித்தான் சொந்தமாச் செய்யணும் என்று சொன்னார்களாம். சொல்லும்போது மகள் சிரிக்கவில்லை. கோப்பையை அம்மாவுக்கு முன்னால் நீட்டினாள்.

"இந்தா. உனக்குக் குடுத்திருக்காங்க."

கிளே அக்காவின் இரண்டு கையிலும் ஈர மண். வாங்க முடியவில்லை. மேஜையிலும் இடமில்லை. மகள் கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றாள். பிறகு, அவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனாள்.